சாயப்பட்டறைக்குச் சொன்ன தேதி

எங்கள் பனியன் கம்பெனியில் ‘ஆல்மோஸ்ட் முடிஞ்சுதுங்க’ என்று யாராவது சொன்னால், வேலையை இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறார்கள் என்று பொருள். ‘பாதிக்கு மேல ஆச்சுங்க’ என்றால், ஆரம்பிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். ‘வண்டி கெளம்பிருச்சுங்க’ என்றால் டிரைவர் டீ குடிக்கப் போயிருக்கிறார். இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வெள்ளகோவிலில் இருந்து ஆங்கில இலக்கியப் பட்டத்தோடும், அதைவிடக் கனமான ஓர் ஆங்கில அகராதியோடும் திருப்பூருக்கு வேலைக்கு வந்தவள் நான். இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. முதல் மாதம் அகராதி மேஜைமேல் மரியாதையாக இருந்தது. இரண்டாம் மாதத்தில் இருந்து மின்விசிறிக் காற்றில் பறக்கும் காகிதங்களுக்கு வெயிட்டாக இருந்தது.

பனியன் கம்பெனி என்றதும் பனியன் மட்டும்தான் தைத்தோம் என்று நினைத்துவிட வேண்டாம். நாங்கள் தைத்தது குழந்தைகளுக்கான டி-ஷர்ட். திருப்பூரில் எதைத் தைத்தாலும் அது பனியன் கம்பெனிதான். என் வேலைக்கு மெர்ச்சண்டைசர் என்று பெயர். வெளிநாட்டில் இருந்து எங்கள் சரக்கை வாங்கும் பையர் மெயிலில் கேட்பதைக் கம்பெனிக்குள் சொல்ல வேண்டும். கம்பெனிக்குள் நடப்பதை, அப்படியே சொல்லிவிடாமல், பையருக்குச் சொல்ல வேண்டும். அந்த இரண்டாவது பாதிதான் எனக்கு வரவே இல்லை. என் தங்கை என்னை ‘மைக் செட்’ என்பாள். மனதில் இருப்பதை ஊருக்கே கேட்கும்படி சொல்லிவிடுவேன் என்பது அவளுடைய குற்றச்சாட்டு. எனக்கோ அதில் உள்ளூரப் பெருமை. பொய் சொல்லாதவள் என்ற எண்ணத்தில் கொஞ்சம் விறைப்பாகவே நடப்பேன்.

ஒருமுறை பையர் நேரில் வந்தார். நாங்கள் புதிதாகச் செய்து வைத்திருந்த ஒரு சாம்பிளைத் தடவிப் பார்த்துவிட்டு ‘இன்ட்ரஸ்டிங்’ என்றார். ஆர்டர் கிடைத்துவிட்டது என்று நான் கட்டிங் மாஸ்டரைப் பார்த்துச் சிரித்தேன். எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜர் மட்டும் அந்தச் சாம்பிளை மடித்துப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார்.

“பையரு அந்த வார்த்தையச் சொன்னா ஆர்டர் இல்லீங்க மேடம். புடிச்சிருந்தா நேரா வெலையத்தான் கேப்பாருங்க” என்று பிறகு எனக்கு விளக்கினார்.

மேனேஜர் காங்கயம் பக்கத்துக்காரர். ஐம்பது வயதிருக்கும். கோபம் வந்தாலும் ‘ங்க’ குறையாது. ‘உங்களுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்குதுங்களா?’ என்று அவர் ஒருவரைக் கேட்பதைத் தூரத்தில் இருந்து பார்த்தால், நலம் விசாரிக்கிறார் என்றுதான் தோன்றும். ‘அர்ஜென்ட்’ என்று நான் சீட்டு எழுதிக் கொடுத்தால் கட்டிங் மாஸ்டர் படிக்கக்கூட மாட்டார். ‘டாப் மோஸ்ட் அர்ஜென்ட்’ என்று இரண்டு கோடு போட்டுக் கொடுத்த சீட்டில் ஒருநாள் அவர் வடையை அமுக்கி எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்தார். அதே மாஸ்டரிடம் மேனேஜர் குரலை உயர்த்தாமல் ‘கொஞ்சம் பாருங்க’ என்றால் போதும். வடையைப் போட்டுவிட்டு ஓடுவார். சொல் முக்கியமில்லை, யார் வாயில் இருந்து வருகிறது என்பதுதான் முக்கியம் என்று எனக்கு லேசாகப் புரியத் தொடங்கியிருந்தது. முழுதாகப் புரிய வைத்தது ஒரு குழந்தையின் புது நன்மை.

அந்தக் குழந்தையின் அம்மா எங்கள் கம்பெனியில் பேட்லாக் டெய்லர். டி-ஷர்ட்டின் கழுத்துப்பட்டியை அந்த மெஷினில்தான் அடிப்பார்கள். நான் அக்கா என்று கூப்பிடுவேன். பையருக்கு அனுப்பும் சாம்பிள்களை அந்த அக்காதான் தைப்பார் என்பதால் அடிக்கடி என் மேஜைக்கு வருவார். மதியம் சேர்ந்து சாப்பிடுவோம். அவர் டப்பாவில் நெத்திலிக் கருவாடு இருக்கும் நாட்களில் என் தயிர்சாதம் சீக்கிரம் காலியாகும். ஊர் தூத்துக்குடிப் பக்கம். கணவர் இல்லை. மகள் அங்கே அண்ணன் வீட்டில் இருந்து படித்துக்கொண்டிருந்தாள். வருடத்துக்கு இரண்டு முறை போய்ப் பார்ப்பார். போன கிறிஸ்துமஸுக்கு வேலை நெருக்கடியில் போக முடியவில்லை. அதில் இருந்து மகள் போனில் சரியாகப் பேசுவதில்லை. ‘நல்லாருக்கேன்’, ‘சாப்ட்டேன்’, ‘மாமாகிட்ட குடுக்கேன்’ என்று மூன்று வார்த்தையில் முடித்துவிடுவாள்.

அந்த மகளுக்குத்தான் புது நன்மை வந்தது. மாதா கோயிலில் ஆல்டர் என்கிற பீடத்துக்கு முன்னால் போய் முதல்முறையாக நற்கருணை வாங்கும் நாள் அது. வெள்ளைக் கவுன், கையில் மெழுகுவர்த்தி, தலையில் பூக்கிரீடம் என்று சின்னக் கல்யாணம் மாதிரி நடக்கும் என்று அக்கா சொன்னார்.

“நீ வரலேன்னா நான் ஆல்டருக்கே போமாட்டேன்னு சொல்லிட்டா பிள்ள” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கருவாட்டை அன்று என் பக்கமே தள்ளிவிட்டுவிட்டு வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை விசேஷம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்புவதாக லீவு லெட்டர் எழுதிக் கொடுத்தார். எழுதியது நான்தான். மேனேஜர் வாங்கிப் பார்த்து, “பாத்துக்கலாமுங்க” என்றார். அதற்கு அந்தக் கம்பெனியில் என்னென்ன பொருள் உண்டு என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் இந்தமுறை கணக்குச் சரியாகவே இருந்தது. செவ்வாய்க்கிழமை சாயப்பட்டறையில் இருந்து துணி வந்துவிட்டால், புதன்கிழமை வெட்டி, வெள்ளிக்கிழமைக்குள் தைத்துவிடலாம். சனி, ஞாயிறில் செக்கிங்கும் பேக்கிங்கும். திங்கட்கிழமை காலை தூத்துக்குடித் துறைமுகத்துக்கு லாரி. வெள்ளிக்குப் பிறகு பேட்லாக் மெஷினுக்கு வேலையே இல்லை.

துணிக்குத் தேதி சொல்ல வேண்டியது நான். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, “சாயப்பட்டறைக்குச் சனிக்கெழமன்னு சொல்லிப்போடுங்க மேடம்” என்றார்.

“செவ்வாய்க்கெழம வந்தாப் போதுமுங்களே?”

“போதுமுங்க. அதனாலதான் சனிக்கெழமன்னு சொல்லச் சொல்றனுங்க.”

எனக்கு அது பிடிக்கவில்லை. சாயப்பட்டறைக்காரர் வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக வருகிற பெரியவர். கை நகங்களில் மட்டும் அந்த வாரத்து ஆர்டரின் நிறம் இருக்கும். எங்கள் அலுவலகத்துக்கு வந்தால் என்னைக் ‘கண்ணு’ என்று கூப்பிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்காமல் போகமாட்டார். அப்படிப்பட்டவரிடம் பொய்த் தேதி சொல்வதா? நான் போனை எடுத்து, “செவ்வாய்க்கெழம வேணுமுங்க. இது நெசத் தேதிங்க” என்று தெளிவாகச் சொன்னேன். அவரும் “ஆகட்டுங் கண்ணு” என்றார். உலகத்தைக் கொஞ்சம் சுத்தப்படுத்திவிட்ட திருப்தியோடு போனை வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை துணி வரவில்லை. புதன்கிழமை மதியமும் வரவில்லை. கட்டிங் மேஜை காலியாகக் கிடந்தது. போன் செய்தேன்.

“துணி இன்னும் வரலீங்களே?”

“வெள்ளிக்கெழமதானுங்களே கண்ணு வேணும்?”

“செவ்வாய்க்கெழமன்னு சொன்னனுங்களே!”

“ஆமாங் கண்ணு, செவ்வாய்க்கெழமன்னு சொன்னீங்க. அதனாலதான் வெள்ளிக்கெழமன்னு எழுதி வெச்சிருக்கறேன்.”

 மொபட்டை எடுத்துக்கொண்டு சாயப்பட்டறைக்கே போனேன். ஆவிக்கு நடுவில் இருந்து வந்த பெரியவர் என் முகத்தைப் பார்த்துப் பயந்து, முதலில் ஒரு டீ சொன்னார். பிறகு ஒரு நீள நோட்டைத் திறந்து காட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு கம்பெனி. ஒவ்வொரு கம்பெனியின் பெயருக்கும் பக்கத்தில் ஓர் எண். சிலருக்கு இரண்டு, சிலருக்கு ஐந்து. எங்களுக்கு மூன்று. அந்தந்தக் கம்பெனி எத்தனை நாள் முன்னால் தள்ளிப் பொய் சொல்லும் என்பதற்கான எண் அது. சொன்ன தேதியோடு அதைக் கூட்டினால் வேண்டிய தேதி வந்துவிடும். வருடக்கணக்கில் அந்தக் கணக்கு தவறியதே இல்லையாம்.

“நெசத் தேதின்னு சொன்னனுங்களே!” என்றேன். கிட்டத்தட்ட அழுகை வந்துவிட்டது.

“எல்லாருமே அப்புடித்தானுங் கண்ணு சொல்லுவாங்க” என்றார் பெரியவர். அவருக்கும் உண்மையிலேயே வருத்தம். “நெசத் தேதியப் போயி யாராச்சும் வெளிய சொல்லுவாங்களா? சாமி, நான் என்னன்னு கண்டேன்?”

அவரை என்ன சொல்ல முடியும்? ஊர் முழுக்க ஒரே மாதிரி பொய் சொல்லி, அதை ஒரே மாதிரி கழித்துக்கொண்டு, துணியும் லாரியும் கப்பலும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தன. நடுவில் நான் ஒருத்தி போய் உண்மையைச் சொல்லி எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேன். திரும்பி வரும்போது நொய்யல் ஆற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்தி, என்மேலேயே எனக்கு வந்த கோபத்தைக் கொஞ்சம் ஆறவிட்டுத்தான் வந்தேன்.

பெரியவர் ஆளைப் போட்டு அவசரப்படுத்தியும் துணி வெள்ளிக்கிழமை காலைதான் வந்தது. வெட்டி முடிக்கவே சாயங்காலம் ஆயிற்று. சனி, ஞாயிறு இரண்டு நாளும் முழு வேலை. எல்லோருடைய லீவும் கேன்சல் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அக்கா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டு மெஷினுக்குப் போய் நூலைக் கோத்தார். அந்தக் குனிந்த தலையைப் பார்த்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளைக் கவுனில் ஒரு குழந்தை ஆல்டருக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடித்து நிற்பது கண்ணுக்குள்ளேயே இருந்தது. காரணம் நான். என் பெருமை.

சனிக்கிழமை மதியம் தாங்க முடியாமல் மேனேஜரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

“நெசத் தேதியச் சொன்னீங்களா?” என்றார் அவர். திட்டவில்லை. இதுவரை பார்த்திராத நோயோடு வந்தவளை டாக்டர் பார்ப்பது போலப் பார்த்தார்.

“பெரியவருகிட்டப் பொய் சொல்ல வாய் வரலீங்க.”

“பொய்யிங்களா?” என்று யோசித்தார். “சனிக்கெழமன்னு சொல்றதுக்குப் பேரு பொய்யிங்களா?” அவர் அதை அப்படி ஒருநாளும் நினைத்ததில்லை என்று தெரிந்தது.

நான் அக்காவின் லீவைப் பற்றிச் சொன்னேன். கிறிஸ்துமஸுக்குப் போகாததைச் சொன்னேன். மகள் போனில் மூன்று வார்த்தை பேசுவதைச் சொன்னேன். ஆல்டர் விஷயத்தை இரண்டுமுறை சொன்னேன். மேனேஜர் கொஞ்ச நேரம் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். அவருக்கும் ஒரு பெண் குழந்தைதான்.

“சரீங்க. கையில இருக்கற துணிக்கட்டைத் தெச்சு முடிச்சுப்போட்டுக் கெளம்பச் சொல்லுங்க. கழுத்துப்பட்டிக்கு நான் வேற ஆளப் பாத்துக்கறேன். ஆனா இதுதானுங்க லீவு. தீவாளி வரைக்கும் இனி லீவுன்னு வந்து நிக்கக் கூடாதுங்க.”

நான் படிகளில் ஓடினேன். தையல் ஹாலில் ஐம்பது மெஷின் சத்தத்துக்கு மேல் கத்தினேன். “அக்கா, கெளம்புங்க! லீவு குடுத்துட்டாருங்க! மூணு மணி பஸ்ஸப் புடிச்சாக்கூட ராத்திரிக்குள்ள போயிரலாமுங்க!”

அக்கா மெஷினை நிறுத்தினார். அவர் எழுந்து என்னைக் கட்டிக்கொள்வார் என்று நான் எதிர்பார்த்தேன். கட்டிக்கொள்ளவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று குடோனுக்குப் பக்கத்துத் தண்ணீர்க் குழாய்வரை இழுத்துக்கொண்டு போனார்.

“யாரு பிள்ள ஒன்னக் கேக்கச் சொன்னா?”

“அக்கா, நாளைக்குப் புது நன்மை…”

“நாளைக்கு இல்ல. அடுத்த ஞாயித்துக்கெழம.”

எனக்குப் புரியவில்லை. லீவு லெட்டரை எழுதியவளே நான்தானே என்றேன்.

“நீதான் எழுதுன. நான் சொன்ன தேதிய எழுதுன” என்றார். குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் பேசினார். “மொத லீவ எந்தக் கம்பெனில குடுத்திருக்கான்? மொத லீவு கேன்சல் ஆகத்தான் செய்யும். ஆகட்டும். வாயத் தொறக்காம மூஞ்சத் தொங்கப் போட்டுக்கிட்டு ரெண்டு நாள் தச்சுக் குடுத்தோம்னு வையி, அடுத்த வாரம் கேக்கும்போது அவுகளால இல்லன்னு சொல்ல முடியாது. ஏழு வருசமா இப்படித்தான் நான் ஊருக்குப் போயிட்டு வாரேன்.”

“அப்ப கிறிஸ்துமஸுக்கு?”

“கிறிஸ்மஸ் தேதி ஊரு ஒலகத்துக்கே தெரியுமே பிள்ள. அத எப்பிடி மாத்திச் சொல்லுவேன்?”

நான் சிரித்திருக்க வேண்டும். சிரிப்பு வரவில்லை. தினமும் ஒரே டப்பாவில் கைவைத்துச் சாப்பிட்டவள் நான். அந்தக் குழந்தைக்காக இரண்டு நாள் சோறு இறங்காமல் இருந்தவள். எனக்குக்கூட இவர் வெளியாட்களுக்குச் சொல்லும் தேதியைத்தான் சொல்லியிருக்கிறார். அந்த வருத்தத்தை மறைக்கவும் எனக்குத் தெரியாது.

“என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமுங்களே அக்கா.”

அக்கா என் கன்னத்தைத் தொட்டார். கை முழுக்க நூல் தூசி.

“ஒங்கிட்ட சொன்னா நீ உள்ளதச் சொல்லிருவியே பிள்ள” என்றார்.

அதில் கேலியும் இல்லை, குற்றமும் இல்லை. ‘உனக்குச் சர்க்கரை ஆகாது’ என்று ஒருவர் சொல்வது போலச் சொன்னார்.

பிறகு அவசரமாகக் காரியத்துக்கு வந்தார். இன்றைக்கே லீவில் போனால் அடுத்த வாரம் கேட்க முடியாது. புது நன்மை போய்விடும். அக்காவே போய்த் தேதி மாறிவிட்டது என்று சொன்னால், இத்தனை வருடம் அக்கா சொன்ன தேதிகளைக் கேட்டிருக்கும் மேனேஜர் நம்பமாட்டார்.

“நீ போயி சொல்லு. ஊருல ஃபாதர் ஒரு வாரம் தள்ளி வச்சிட்டாவளாம், இப்பத்தான் போன் வந்துச்சுன்னு சொல்லு. லீவ அடுத்த வாரத்துக்கு மாத்திக் குடுக்கச் சொல்லு.”

“நானா?”

“பின்ன ஃபாதரா வருவாரு?”

அக்கா அடுத்த வெள்ளிக்கிழமை ஊருக்குப் போனார் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். விஷயத்தை மறைத்து வைத்துக் கதை சொல்ல எனக்கு இன்றைக்கும் வராது. போட்டோகூடக் கொண்டுவந்து காட்டினார். மகள் பல் தெரியச் சிரிக்கிறாள், பக்கத்தில் அக்கா கண்ணை மூடிவிட்டார். ஆனால் அதற்கு முன்னால், அந்தச் சனிக்கிழமை மதியம், இறங்கி வந்த படிகளில் நான் மறுபடியும் ஏற வேண்டியிருந்தது. ஒரே வரியைப் பத்துமுறை மனப்பாடம் செய்துகொண்டு ஏறினேன். கல்லூரி வாய்மொழித் தேர்வில்கூட அப்படி நாக்கு ஒட்டிக்கொண்டதில்லை.

மேனேஜர் போனில் வேறு ஒரு கம்பெனியிடம் பேட்லாக் டெய்லர் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் போனைக் கையால் பொத்திக்கொண்டார்.

“கெளம்பிட்டாங்களா?”

“இல்லீங்க. ஊருல ஃபாதர் ஒரு வாரம் தள்ளி வெச்சுட்டாருங்களாம். இப்பத்தான் போன் வந்துச்சுங்க. இன்னைக்கும் நாளைக்கும் அக்காவே தெச்சுக் குடுத்தர்றாங்களாம். லீவ மட்டும் அடுத்த வாரத்துக்கு மாத்திக் கேட்டாங்க.”

சொல்லி முடித்துவிட்டேன். காது இரண்டும் சூடாகிவிட்டன. அடுத்த கேள்வி ஒன்று வந்திருந்தால் எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். ஃபாதர் பெயர் என்ன, போன் யாருக்கு வந்தது, எது கேட்டிருந்தாலும் போதும்.

மேனேஜர் ஒன்றும் கேட்கவில்லை. போனில் “வேண்டாமுங்க, ஆளு இருக்குது” என்று சொல்லி வைத்தார். மேஜையில் இருந்த லீவு லெட்டரை எடுத்தார். என் கையெழுத்தில் இருந்த தேதியை அடித்துவிட்டு, மேலே அடுத்த வாரத்துத் தேதியைத் தன் கையால் எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டார்.

“வேற யாராச்சும் வந்து சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டனுங்க” என்று லெட்டரை என்னிடம் நீட்டினார். “நீங்க சொன்னா நெசமாத்தானுங்க இருக்கும்.”